கரண்டு லாரிக்கு ஒம்பதரை லட்சம் குடுக்காவளாமே, உள்ளதா?

குமரி மாவட்டத்துல, ஆரல்வாய்மொழி செக்போஸ்ட்டுக்கு கொஞ்சம் முன்னால ஒரு சாயாக்கடை, காலைல ஸ்கூல் நேரம்னு டாரஸ் லாரியெல்லாம் ஓரங்கட்டி நிக்கிற நேரம் அது. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர்ல பத்து சக்கரம், பன்னெண்டு சக்கரம், பதினாறு சக்கரம்னு எந்தக் கம்பெனி டிப்பரா இருந்தாலும் பேரு டாரஸ்தான்.) எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், ரெண்டு வண்டி வச்சிருக்காரு, ஒண்ணுல அவரே ஓட்டுறாரு, கிளாஸ கையில வச்சிக்கிட்டு கேட்டாரு: "தம்பி, கரண்டு லாரி வாங்குனா சென்ட்ரல் கவர்மென்ட் ஒம்பதரை லட்சம் குடுக்காவளாமே, உள்ளதா?"

உள்ளதுதான் அண்ணே, ஆனா அதுல நெறைய ஆனா இருக்குன்னு சொன்னேன். "அப்ப அந்த ஆனாவ சொல்லு"ன்னாரு. அன்னைக்கு சாயா குடிச்சிக்கிட்டே அரைகுறையா சொன்னதத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்கா எழுதிப் பாக்குறேன்.

திட்டத்தோட பேரு பிஎம் இ-டிரைவ். 2024 அக்டோபர் 1ல இருந்து நடக்குது, மொத்தம் 10,900 கோடி. இதுக்கு முன்னால ஃபேம்-2னு ஒண்ணு 2019ல இருந்து 2024 மார்ச் வரைக்கும் ஓடுச்சு, நம்ம ஊர்ல இப்ப ஓடுற நெறைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் அந்தக் காலத்து காசுல வந்ததுதான், பஸ், ஆட்டோ, டாக்ஸி எல்லாத்துக்கும் அதுல காசு இருந்துச்சு, லாரிக்கு மட்டும் இல்ல. லாரிக்குன்னு தனியா பணம் எடுத்து வச்சது பிஎம் இ-டிரைவ்லதான், 500 கோடி. அதுக்கான விதிமுறை வந்ததே 2025 ஜூலை 11லதான், அதாவது திட்டம் ஆரம்பிச்சு ஒம்பது மாசம் கழிச்சு. மொதல்ல 2026 மார்ச்சோட முடியும்னு இருந்தத அப்புறம் லாரி, பஸ், ஆம்புலன்ஸுக்கெல்லாம் 2028 மார்ச் 31 வரைக்கும் நீட்டிட்டாங்க. காலத்ததான் நீட்டுனாங்க, காசு அதே காசுதான், தீந்துட்டா கடைய அதுக்கு முன்னாலயே சாத்திருவாங்க.

ஏன் லாரிக்கு இவ்வளவு கவலைன்னா, அரசாங்கமே சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு: நாட்டுல ஓடுற மொத்த வண்டியில டீசல் லாரி வெறும் 3 சதவீதம், ஆனா போக்குவரத்தால வர்ற பசுமைக்குடில் வாயுவுல 42 சதவீதம் அதுலருந்துதான் வருது. நூறு ஸ்கூட்டர கரண்டுக்கு மாத்துறதும் ஒரு டாரஸ மாத்துறதும் ஒண்ணு இல்லங்கறதுக்கு இத விட வேற சான்று வேணாம். தக்கலையில இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் பைக்ல ஒரு டாரஸுக்குப் பின்னால போயிப் பாத்தவனுக்கு இந்தச் சதவீதம் கூட வேணாம், வீட்டுக்குப் போயி கைக்குட்டைல மூக்கத் தொடச்சாலே போதும்.

சரி, காசு எப்படி வருதுன்னு பாப்போம். மொத்த எடை 3.5 டன்னுல இருந்து 12 டன் வரைக்கும் ஒரு வகை, அதுக்கு என்-2 (N2)ன்னு பேரு. 12 டன்னுக்கு மேல 55 டன் வரைக்கும் இன்னொண்ணு, அது என்-3 (N3). டிரெய்லர் வண்டின்னா முன்னால இழுக்கிற குதிரைக்கு மட்டும்தான் காசு, பின்னால இருக்கிற டிரெய்லருக்கு கெடையாது. எடை கூடக் கூட தொகை கூடும், உச்சபட்சமா ஒரு வண்டிக்கு 9.6 லட்சம், அண்ணன் கேட்ட ஒம்பதரை லட்சம் இதுதான். இந்தக் காசு நம்ம பேங்க் அக்கவுன்ட்டுக்கு வராது, கம்பெனிக்காரன் வெலயில கழிச்சுக் குடுக்கணும், அப்புறம் அவன் மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்துக்கிட்ட பில் போட்டு வாங்கிக்கணும். நல்ல ஏற்பாடுதான், நம்மள மாதிரி ஆளுங்க ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்க வேணாம். கம்பெனி பேட்டரிக்கு அஞ்சு வருஷம் இல்லன்னா 5 லட்சம் கிலோமீட்டர், வண்டிக்கும் மோட்டாருக்கும் அஞ்சு வருஷம் இல்லன்னா 2.5 லட்சம் கிலோமீட்டர், எது முன்னால வருதோ அதுவரைக்கும் வாரன்டி குடுத்தே ஆகணும்னும் விதி இருக்கு. இந்த வாரன்டி விஷயத்த மறந்துராதீங்க, கடைசியில திரும்ப வருவேன்.

இப்ப மொத ஆனா. மொத்தம் 5,600 லாரிக்குத்தான் இந்தக் காசு வரும்னு அரசாங்கமே சொல்லுது. அதுல 1,100 வண்டி டெல்லிக்குன்னு 100 கோடிய தனியா ஒதுக்கியாச்சு, அங்க காத்து இருக்கிற இருப்புக்கு அத தப்பு சொல்ல முடியாது. மிச்சம் 4,500. நாட்டுல மாவட்டம் எழுநூத்தி எம்பதுக்குப் பக்கம் இருக்கும். வகுத்துப் பாத்தா மாவட்டத்துக்கு ஆறு வண்டி கூட முழுசா வரல. ஆரல்வாய்மொழியில அன்னைக்கு அந்த அரைமணி நேரத்துல எங்க கண்ணு முன்னால வரிசையில நின்னதே அத விட ஜாஸ்தி.

ஆனா மாவட்டத்துக்கு ஆறுன்னு யாரும் பங்கு போட்டுக் குடுக்கப் போறதில்ல, மொதல்ல வர்றவனுக்குத்தான். மொதல்ல வரப்போறது யாருன்னு அறிவிப்புலயே இருக்கு: சிமென்ட், இரும்பு, துறைமுகம், பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிங்க. அரசாங்க இரும்புக் கம்பெனி செயில் ரெண்டு வருஷத்துல 150 லாரி எடுக்கிறேன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. இதுல குத்தம் இல்ல, ஒரே ரூட்ல ராத்திரி பகலா ஓடுற வண்டிக்குத்தான் கரண்டு கட்டுப்படியாகும், அத கணக்கு போட்டுப் பாத்தா நமக்கே மனசிலாகும்.

அண்ணனோட அந்த சாயாக்கடை கணக்க அப்படியே போடுறேன், ஒரு பேச்சுக்குத்தான், வெலயெல்லாம் மேல கீழ இருக்கும். டீசல் டிப்பர் 40 லட்சம்னு வைங்க, அதே அளவு கரண்டு வண்டி 1 கோடியே 10 லட்சம்னு வைங்க, பொதுவா ரெண்டு மூணு மடங்குன்னுதான் சொல்றாங்க. வித்தியாசம் 70 லட்சம். மானியம் 9.6 லட்சம் போச்சுன்னா 60 லட்சத்துக்கு சொச்சம். வண்டி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுதுன்னா, லோடோட போயி காலியா வந்தா லிட்டருக்கு மூணு, மூணேகால் கெடைக்கும், அறுபது லிட்டருக்கு மேல டீசல், லிட்டர் தொண்ணூத்திரெண்டுன்னு வச்சா 5,700 ரூபா. கரண்டுல கிலோமீட்டருக்கு 1.2 யூனிட்டுன்னு வச்சா 240 யூனிட், யூனிட் 12 ரூபான்னா 2,880. ஆயில், ஆட்ப்ளூ (டீசல் புகைய சுத்தம் பண்ண ஊத்துற யூரியா தண்ணி) மிச்சம் எல்லாம் சேத்தா ஒரு நாளைக்கு 3,000 ரூபா மிச்சம்னு தாராளமா வச்சிக்கலாம். மாசம் 25 நாள், வருஷத்துக்கு 9 லட்சம், அஞ்சு வருஷத்துல 45 லட்சம். 60 லட்சத்துக்கு இது பத்தல, அதுக்கு மேல அந்த 60 லட்சத்துக்கு வட்டி வேற இருக்கு. இதே வண்டி ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓடுனா? 90 லட்சம் மிச்சம், வட்டியும் சமாளிச்சிரலாம்.

அப்ப விஷயம் மானியத்துல கூட இல்ல, வண்டி எவ்வளவு ஓடுதுங்கறதுல இருக்கு. இங்கதான் நம்ம குமரி மாவட்டத்து லாரிக்காரன் மாட்டிக்கிறான். கேரளாவுக்கு ஜல்லி, எம்-சாண்ட், பாறைக்கல்லு ஏத்துற வண்டி நடைச்சீட்டு (லோடு கொண்டு போறதுக்கான அனுமதிச் சீட்டு) கெடைச்சாத்தான் ஓடும், குவாரி லீஸ் பிரச்சினைன்னா நிக்கும், போராட்டம் நடந்தா நிக்கும், ஸ்கூல் நேரம்னா நிக்கும், களியக்காவிளை நெரிசல்ல நிக்கும். நாலுவழிச்சாலை வேலை வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு கெடக்கு, அதனால பழைய ரோட்டுலயே தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறைன்னு ஒவ்வொரு சந்தியிலயும் ஊர்ந்துதான் போகணும். 400 கிலோமீட்டர் கனவுல ஓட்டுனாத்தான் உண்டு. (அந்த நேரக் கட்டுப்பாடு வேணும்னுதான் நானும் சொல்வேன், இந்த ரோட்டுல ஸ்கூல் புள்ளைங்க சைக்கிள்ல போறத பாத்தவன் வேற மாதிரி சொல்ல மாட்டான். லாரிக்காரனோட கணக்குல அது எங்க ஒதைக்குதுன்னு மட்டும் சொல்றேன்.)

ரெண்டாவது ஆனா, இது யாரும் அதிகம் பேசாதது. ஜூலைல மானிய விதி வந்துச்சா, செப்டம்பர் 22ஆம் தேதி டீசல் லாரிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு. கரண்டு வண்டிக்கு ஏற்கனவே 5 சதவீதம்தான், அதுல மாத்தம் இல்ல. 43 லட்சத்து சொச்சம் இருந்த டீசல் வண்டிதான் இப்ப 40க்கு வந்திருக்கும், மூணு லட்சத்துக்கு மேல கொறஞ்சிருச்சு. லாரி வாங்குறவனுக்கு நல்லதுதான், நானும் வேணாம்னு சொல்லல, ஆனா கரண்டு வண்டிக்கு 9.6 லட்சம் தூக்கி விட்டதுல மூணு லட்சத்துக்கு மேல அந்தப் பக்கத்துலயும் தூக்கி விட்டாச்சு, இடைவெளி குறைஞ்சது மிச்சந்தான். ஒரு துறை ஒரு பக்கம் இழுக்க இன்னொரு துறை இன்னொரு பக்கம் இழுத்தா வடம் நகருமா.

மூணாவது ஆனாதான் பெரிய ஆனா: மானியம் வேணும்னா ஒரு பழைய டீசல் லாரிய ஸ்கிராப் பண்ணியிருக்கணும். அங்கீகாரம் உள்ள ஸ்கிராப் சென்டர்ல வண்டிய ஒப்படைச்சு சர்டிபிகேட் வாங்கணும், வாங்கப் போற வண்டிக்கு கொறையாத எடை உள்ள வண்டியா அது இருக்கணும். யோசனை சரிதான், பழைய புகை வண்டிய ரோட்ட விட்டு எடுக்காம புதுசா ஒண்ண மேல கொண்டு வந்து விட்டா காத்துக்கு என்ன லாபம். ஆனா அண்ணன்கிட்ட இத சொன்னப்ப சிரிச்சிட்டாரு. "எம்பழைய வண்டிய இரும்பு வெலைக்கு தூக்கிக் குடுத்துட்டு அப்புறம் அவன் குடுக்கிற ஒம்பதர லட்சத்த வாங்கணுமாக்கும்? அந்த வண்டி இன்னும் செங்கச்சூளைக்கு ஓடும்டே, நாளைக்கு வித்தாலும் வாங்க ஆள் இருக்கு." அவர் சொல்றது நியாயம். ஓடுற வண்டிக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுல கெடைக்கிற வெலைக்கும் இரும்பு வெலைக்கும் உள்ள வித்தியாசத்த மானியத்துல கழிச்சாத்தான் உண்மையான மானியம் தெரியும், சில வண்டிக்கு அதுல பாதி காணாம போயிரும். இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, வேற யாரோ ஸ்கிராப் பண்ணுன சர்டிபிகேட்ட ஆன்லைன்ல வெலைக்கு வாங்கிக்கலாம். பெரிய கம்பெனிக்கு அது ஒரு கிளிக், ஒரு ஆள் ஒரு ஃபோன வச்சிக்கிட்டு முடிச்சிருவான். ரெண்டு வண்டிக்காரன் அந்த வெப்சைட்ட தெறந்து பாத்தா தல சுத்தும்.

இந்த இடத்துல பிஎஸ்-6 (வண்டி விடுற புகைக்கு அரசாங்கம் வச்ச அளவுகோல்) கதைய சொல்லாம போக முடியல, ஏன்னா சுத்தமான லாரின்னா கரண்டு மட்டும் இல்ல, டீசல்லயே சுத்தமானதுன்னு ஒண்ணு 2020 ஏப்ரல் 1ல இருந்து நம்மகிட்ட ஓடிக்கிட்டுதான் இருக்கு. அந்தத் தேதியில பிஎஸ்-4ல இருந்து நேரா 6க்கு தாவுனோம், 5ங்கறதே கெடையாது. டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துல 50 பங்கு இருந்தது 10 ஆச்சு, ரிஃபைனரிக்காரங்க அதுக்கே ஆயிரக்கணக்கான கோடி செலவழிச்சாங்க. வண்டியில புகைக்கரிய புடிச்சு வச்சு எரிக்கிற ஃபில்டர் ஒண்ணு, நைட்ரஜன் ஆக்சைட மட்டுப்படுத்த யூரியா தண்ணி அடிக்கிற சிஸ்டம் ஒண்ணு. அந்த யூரியா தண்ணியத்தான் டிரைவருங்க ஆட்ப்ளூன்னு சொல்வாங்க, 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி, சூடான சைலன்சருக்குள்ள அடிச்சா அம்மோனியாவா மாறி, கேட்டலிஸ்ட்டுல அந்த நச்சு வாயுவ வெறும் நைட்ரஜனாவும் தண்ணியாவும் பிரிச்சிரும். பேப்பர்ல அருமையான சமாச்சாரம்.

ரோட்டுல? ஆட்ப்ளூ தீந்துச்சுன்னாலோ சென்சார் கோளாறுன்னாலோ வண்டி பவர கட் பண்ணிரும். அண்ணனோட பிஎஸ்-6 வண்டி ஒரு தடவ முழு லோடோட முப்பந்தல் பக்கம் அப்படித்தான் நின்னுச்சு, ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும் ஏறல, மைலேஜ் போச்சு, பார்ட்டி ஃபோன்ல கத்துறான். சென்சார் மாத்தணும்னு சொன்ன தொகையக் கேட்டு அவருக்கு மயக்கம் வராத கொறை. பக்கத்துல இருந்த இன்னொரு டிரைவர் மெதுவா வந்து, "பேசாம பைபாஸ் பண்ணி விடுங்க அண்ணே, ஒரு சின்னப் பெட்டி மாட்டுனா போதும், வண்டி யூரியா அடிக்குதுன்னே நெனச்சிக்கும்"ன்னான். அண்ணன் மாட்டலன்னு எங்கிட்ட சொன்னாரு, நம்புறேன். ஆனா அந்தப் பெட்டி நாடு பூரா விக்கிறது லாரிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். பெட்டி மாட்டுன பிஎஸ்-6 லாரி புதுசா பளபளன்னு நிக்கும், புகைச் சர்டிபிகேட்டும் கண்ணாடியில ஒட்டியிருக்கும், விடுற நைட்ரஜன் ஆக்சைட் மட்டும் பழைய கணக்குலதான். புது வண்டி வாங்கக் காசு குடுத்தா மட்டும் காத்து சுத்தமாகாது, அதுக்கப்புறம் பத்து வருஷம் அந்த வண்டிய சுத்தமா ஓட்டுறதுக்கு டிரைவருக்கும் ஓனருக்கும் கட்டுப்படியாகணும். கரண்டு வண்டியில ஒரு நிம்மதி, பைபாஸ் பண்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

வெளிநாட்டுல என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் பாத்தா நம்ம 9.6 லட்சம் எங்க நிக்குதுன்னு தெரியும். ஜெர்மனியில டீசல் லாரிக்கும் சுத்தமான லாரிக்கும் உள்ள வெல வித்தியாசத்துல 80 சதவீதத்த அரசாங்கமே குடுத்துச்சு, நம்ம கணக்குப்படின்னா 70 லட்சத்துல 56 லட்சம். ஆனா 2023 நவம்பர்ல அவங்க அரசியல் சாசன கோர்ட்டு பட்ஜெட் விவகாரத்துல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, காலநிலை நிதியில 60 பில்லியன் யூரோ ஓட்டை விழுந்துச்சு, திட்டத்தையே நிறுத்திட்டாங்க. சீனாவுல 2024ல பழைய டீசல் லாரிய ஒடச்சுட்டு கரண்டு லாரி எடுத்தா 1,40,000 யுவான் வரைக்கும் குடுத்தாங்க, அங்க வண்டி வெலயே கம்மிங்கறதால அந்தக் காசு நல்லா வேலை செஞ்சுது. கலிஃபோர்னியாவுல நம்மள மாதிரியே வெலயில கழிக்கிற வவுச்சர் முறைதான், ரொம்ப வருஷமா நடக்குது, ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க, சின்ன ஓனருக்குன்னு அதுல தனிப் பங்கு வச்சிருக்காங்க, 20 வண்டிக்கு மேல போனா அந்தப் பங்குல எடம் இல்ல.

அந்தத் தனிப் பங்குக்குப் பின்னால ஒரு கசப்பான அனுபவமும் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பெரிய துறைமுகம், 2008ல பழைய லாரி உள்ள வரக்கூடாதுன்னு ஆரம்பிச்சு படிப்படியா இறுக்குனாங்க. புகை பெரிய அளவுல கொறஞ்சுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அங்க கன்டெய்னர் இழுக்கிறவங்க நெறைய பேரு சொந்தமா ஒரே ஒரு வண்டி வச்சிருந்த டிரைவருங்க, அதுலயும் பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்தவங்க. அவங்களால புது வண்டி எடுக்க முடியல, லாரி கம்பெனிங்க வண்டிய எடுத்து, டிரைவர் சம்பளத்துலயே தவணையப் புடிக்கிற மாதிரி ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்குனாங்க, வாரம் பூரா ஓட்டியும் கைக்கு ஒண்ணுமே வராம வீட்டுக்குப் போன டிரைவருங்க உண்டு, பல கேஸு கோர்ட்டு வரைக்கும் போச்சு. இத நான் எதுக்கு சொல்றேன்னா, நம்ம ரெண்டு பக்கமும் இப்ப துறைமுகம். கெழக்க தூத்துக்குடி, மேற்க விழிஞ்ஞம். விழிஞ்ஞத்த 2025 மே 2ஆம் தேதி பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணிச்சாரு, களியக்காவிளையில இருந்து அவ்வளவு தூரம் கூட இல்ல. இப்போதைக்கு அங்க பெரும்பாலும் கப்பல்ல இருந்து கப்பலுக்கு மாத்துற சரக்குதான், ரோட்டு வழி சரக்கு கூடக் கூட கன்டெய்னர் வண்டி நம்ம தேசிய நெடுஞ்சாலை 66லதான் வரும். நாளைக்கு ஏதாவது ஒரு துறைமுகம் 'டீசல் வண்டிக்கு உள்ள எடமில்ல'ன்னு போர்டு மாட்டுனா அன்னைக்கு நம்ம ஆளு என்ன செய்வான்?

ஹைட்ரஜனப் பத்தியும் ஒரு வார்த்த. தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டம்னு 2023 ஜனவரியில 19,744 கோடிக்கு ஒப்புதல் குடுத்தாங்க, அதுல இருந்து 2025 மார்ச்சுல அஞ்சு சோதனை முயற்சிக்கு 208 கோடி, மொத்தம் 37 பஸ்ஸும் லாரியும், 9 நிரப்பு நிலையம், பத்து ரூட்டு. அந்தப் பத்துல ஒண்ணு திருவனந்தபுரம் - கொச்சி. அதாவது ஹைட்ரஜன் வண்டி நம்ம பார்டர்ல இருந்து ஒரு மணி நேரத் தொலைவுல ஓடப் போகுது. பாக்க நல்லா இருக்கும், ஆனா 37 வண்டிக்கு 208 கோடின்னா, நிரப்பு நிலையமெல்லாம் சேத்துத்தான்னாலும், இது ஆராய்ச்சிக் காசு, லாரிக்காரனுக்கான காசு இல்ல. அத அப்படியே விட்டுரலாம்.

நமக்கு வேண்டியது சார்ஜர். இ-டிரைவ்ல சார்ஜிங்குக்கு 2,000 கோடி தனியா இருக்கு, மொத்தம் 72,300 சார்ஜர் வைக்கிறதா திட்டம், ஆனா அதுல 48,400 டூவீலர், த்ரீவீலருக்கு, 22,100 காருக்கு, பஸ் மாதிரி பெரிய வண்டிக்கு 1,800. கார் சார்ஜர்ல டாரஸ சொருகி வச்சா பேட்டரி நெறைய பல மணி நேரம் ஆகும், 250, 300 யூனிட் புடிக்கிற பேட்டரி அது, மத்தியானம் ஒரு மணி நேரத்துல ஏத்தணும்னா 240 கிலோவாட் மாதிரி சார்ஜர் வேணும், அதுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்ஷன், ஈபி ஆபீஸ்ல எஸ்டிமேட்டு, டெபாசிட்டு, எல்லாம் வேணும். வண்டிக்கு மானியம் குடுத்துட்டு இத மறந்தா, மாடு வாங்கிக் குடுத்துட்டு வைக்கோலுக்கு வழி சொல்லாத கதை.

இதுல எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கம் என்னன்னா, அந்த சாயாக்கடையில இருந்து தலைய நிமித்திப் பாத்தா தெரியிறது பூரா காத்தாடி. முப்பந்தல், ஆரல்வாய்மொழிய சுத்தி ஏறக்குறைய 1,500 மெகாவாட் காத்தாலை, நாட்டுலயே பெரிய காத்தாலைக் கூட்டத்துல ஒண்ணு. இந்தப் பக்கம் வைகாசியில ஆரம்பிச்சு ஆவணி தாண்டுற வரைக்கும் கணவாய்க்குள்ள வர்ற காத்துக்கு நிக்கிற ஆளே சாஞ்சிருவான், சைக்கிள மிதிச்சா பின்னால போகும். அந்தக் காலத்துல காத்துக் கரண்டு மிஞ்சிப் போயி, கிரிட்ல வாங்க ஆளில்லாம சில நேரம் காத்தாடிய நிறுத்தி வைக்கச் சொன்ன கதையெல்லாம் இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். அந்தக் காத்தாடிக்குக் கீழதான் டாரஸ் லாரி எஞ்சின ஆஃப் பண்ணாம மணிக்கணக்கா நிக்குது. அந்த 1,800 சார்ஜர்ல ஒரு பத்து, ஆரல்வாய்மொழியிலயும் திருப்பதிசாரம் டோல்கேட்டு பக்கத்துலயும் களியக்காவிளையிலயும் வச்சா, ஸ்கூல் நேரத்துல எப்படியும் நிக்கப் போற வண்டி நிக்கிற நேரத்துல சார்ஜ் ஏறிரும். இப்ப நஷ்டமாப் போற நேரம் அப்ப வேலை செய்யிற நேரமாயிரும், மேல சொன்ன 200 கிலோமீட்டர் கணக்கும் கொஞ்சம் மாறும். என்னக் கேட்டா 9.6 லட்சத்த 12 லட்சமாக்குறத விட இது உருப்படியான செலவு.

அதே மாதிரி வட்டி. சின்ன ஓனருக்கு பேங்க்ல லோன் கெடைக்காது, பைனான்ஸ் கம்பெனிதான். கரண்டு லாரி புது சமாச்சாரம், நாளைக்கு சீஸ் பண்ணுனா வித்து காசாக்க முடியுமான்னு பைனான்ஸ்காரனுக்கே பயம், அதனால வட்டிய ஏத்துவான், இல்லன்னா பாதி முன்பணம் கேப்பான். 60 லட்சத்துக்கு வட்டியில ரெண்டு சதவீதம் கொறஞ்சா வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம். கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நின்னா, நேரடியா காசு குடுக்காமலே நெறைய பேரு வண்டி எடுத்திருவாங்க. இப்ப இருக்கிற திட்டத்துல அது இல்ல.

கரண்டு லாரி வந்தா எல்லாம் சரியாயிரும்னு யாரும் நெனைக்க வேணாம், அதையும் சொல்லிர்றேன். தார்ப்பாய் போடாம போற ஜல்லி வண்டியில இருந்து கல்லு தெறிக்கிறது கரண்டு வண்டியிலயும் தெறிக்கும், ஓவர்லோடு ரோட்ட ஒடைக்கிறது அதுலயும் ஒடைக்கும், குவாரி மலைய திங்கிறது அப்படியேதான் இருக்கும். மூணு ஆக்சில் வண்டிக்கு சட்டப்படி மொத்த எடை 28.5 டன், அதுல பேட்டரியே டன் கணக்குல எடம் புடிச்சா லோடு கொறையும், லோடு கொறஞ்சா ஓவர்லோடு ஏத்தச் சொல்லி பார்ட்டி நெருக்குவான். புகை போகும், எங்க ஊர்க்காரங்க ரோட்டுல உக்காந்து போராடுற மத்த காரணம் எதுவும் போகாது.

இவ்வளவும் அண்ணன்கிட்ட துண்டு துண்டா சொல்லி முடிச்சப்ப சாயா ஆறிப் போச்சு. பில்லு எழுதுற அட்டைக்குப் பின்னால நான் போட்ட கணக்க ரெண்டு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கேட்டது மானியத்தப் பத்தி இல்ல.

"நான் இதுவரைக்கும் ஒரு புது வண்டி கூட எடுத்தது கெடையாது, தெரியுமா? மொத வண்டி நாமக்கல்காரங்கிட்ட இருந்து மூணாவது கையா வாங்குனது, ரெண்டாவதும் செகண்டுதான். எங்க ஆளுக எல்லாருமே அப்படித்தான் தொழிலுக்கு வந்தாவ. இந்தக் கரண்டு வண்டி செகண்டுல எப்ப வரும்?"

இதுக்குத்தான் அந்த வாரன்டிய ஞாபகம் வச்சிக்கச் சொன்னேன். பெரிய கம்பெனி இன்னைக்கு மானியத்துல எடுக்கிற வண்டி அஞ்சாறு வருஷத்துல செகண்ட் மார்க்கெட்டுக்கு வரும், சரியா பேட்டரி வாரன்டி முடியிற நேரத்துல. டீசல் வண்டின்னா எஞ்சின் சத்தத்த கேட்டே அண்ணன் அதோட ஆயுசச் சொல்லிருவாரு, ஆயில தொட்டுப் பாத்து, புகையோட நெறத்தப் பாத்து வெல பேசுவாரு. பேட்டரிய எதத் தொட்டுப் பாக்குறது? அஞ்சு வருஷம் ஓடுன பேட்டரியில இன்னும் எவ்வளவு உயிர் இருக்குன்னு சொல்ற ஒரு நம்பிக்கையான சர்டிபிகேட், செகண்ட் ஓனருக்கும் தொடர்ற வாரன்டி, பழைய கரண்டு லாரி வாங்குறவனுக்கும் ஒரு சின்ன மானியம், இது மூணும் 500 கோடி திட்டத்துல எங்கயும் இல்ல. புது வண்டி வாங்குறவனோட திட்டம் முடியிற எடத்துலதான் எங்க ஊர் லாரிக்காரன் ஆரம்பிக்கிறான்.

"வரும் அண்ணே, 2031, 32ல வரலாம்"னேன்.

"அதுக்குள்ள எனக்கு அறுவது ஆயிரும்லே"ன்னுட்டு எழுந்தாரு. முன்னால வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகுற சத்தம், நேரம் முடிஞ்சிருச்சு போல. சாயாக் காச ரெண்டு பேருக்கும் சேத்து அவரே குடுத்துட்டு, அந்த அட்டைய சட்டைப் பாக்கெட்டுல சொருகிக்கிட்டு வண்டியில ஏறுனாரு.